ஆளில்லாமல் வந்த விலை

ஸ்ரீரங்கம் பூ மார்க்கெட்டில் ஏலம் கூறுகிறவனுக்குத் தொண்டைதான் முக்கியம் என்று வெளியாட்கள் நினைக்கிறார்கள். தொண்டை எவனுக்கும் இருக்கும். காதுதான் வேண்டும். ஈரச் சாக்கைப் பிரித்து மல்லியைக் காட்டிய உடனே, சுற்றி நிற்கிற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் விலை கேட்பார்கள். அதில் யார் முதலில் கேட்டது, யார் ஏற்றிக் கேட்டது, யார் வாங்குகிற எண்ணமே இல்லாமல் சும்மா ஆழம் பார்க்கிறார் என்று காது பிரித்துத் தர வேண்டும். எங்கள் அப்பா அதில் கெட்டிக்காரர். அவருக்குப் பிறகு எங்கள் கமிஷன் கடையில் ஏலம் கூறியது நான். என்னிடம் ஒரே ஒரு சிக்கல் இருந்தது. சுற்றி நிற்கிறவர்களோடு சேர்ந்து, அங்கே நிற்காத ஒருவனும் என் காதில் பேசிக்கொண்டிருந்தான்.

அவன் வந்தது எனக்குக் கல்யாணமான மறு வருடம். மொட்டை மாடியில் யாரோ பேசுகிறார்கள் என்று ஏறிப் போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. கீழே இறங்கினால் மறுபடியும் பேச்சு. ஆண் குரல், கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி இருக்கும், இடது பக்கத்திலிருந்து வரும். ‘டா’ போட்டுத்தான் பேசுவான். சட்டை போட்டால் சட்டையைப் பற்றி, சோற்றைப் பிசைந்தால் பிசைகிற கையைப் பற்றி, எதற்கும் அவனிடம் ஒரு நக்கல் தயாராக இருக்கும். ஏதாவது ஒரு காரியத்தை நான் உருப்படியாகச் செய்துவிட்டால் அன்றைக்குச் சிரிப்பான். திட்டுவதைக்கூடத் தாங்கிக்கொள்வேன், அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியாது.

டாக்டர்கள் இதற்கு மனச்சிதைவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்தவர் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்பேன். நான் காலையில் எழுந்து குளித்து, கடைக்குப் போய், வியாபாரம் பார்த்து, வீட்டுக்கு வந்து சாப்பிட்ட மனுஷன். எங்கே சிதைந்தேன்? ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். மாத்திரை இல்லாவிட்டால் இன்று உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஆரம்பத்தில் எனக்கு வேறு பல பயங்களும் இருந்தன. பாலக்கரை பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் எல்லாரும் என்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று நினைத்தேன். எதிர்வீட்டு டிஷ் ஆண்டெனா என்னைப் பார்த்துத்தான் திரும்பியிருக்கிறது என்று நினைத்தேன். மாத்திரை அதையெல்லாம் சுத்தமாகத் துடைத்துவிட்டது. அவனை மட்டும் துடைக்க முடியவில்லை. மாத்திரையை மாற்றினார்கள், கூட்டினார்கள், கூட ஒன்றைச் சேர்த்தார்கள். நான் பருத்துப் போனேன், பகலெல்லாம் தூங்கினேன். அவன் அப்படியே இருந்தான்.

இப்படிப்பட்ட நான் எப்படி ஏலம் கூறினேன் என்றால், அதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். வாயைப் பார்ப்பேன். ஏனென்றால் அவனும் விலை கேட்பான். ஏலத்தில் மட்டும் ஆண், பெண் என்று மற்றவர்கள் குரலிலேயே, அதே வேகத்தில், சரியான நேரத்தில் பத்து ரூபாய் ஏற்றிக் கேட்பான். எதிரே ஒரு உதடு அசைந்து சத்தம் வந்தால் அது விலை. எந்த உதடும் அசையாமல் வந்தால் அது அவன். பல வருடம் இப்படியே ஓட்டினேன். “அண்ணன் நம்ம மூஞ்சியப் பாத்துத்தான் விலை எடுப்பாரு, மரியாதை தெரிஞ்சவரு” என்று மார்க்கெட்டில் எனக்கு நல்ல பெயர் வேறு.

விஷயம் தெரிந்தது என் மனைவிக்கு மட்டும்தான். சமையல்கட்டிலிருந்து அவள் கூப்பிட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன். எழுந்து வந்து, கதவோரம் நின்று, அவள் வாய் அசைவதைப் பார்த்த பிறகுதான் ‘ம்’ என்பேன். வருகிற விருந்தாளிகளிடம் எனக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று சொல்லி வைத்திருந்தாள். எனக்குக் காது மந்தம்! அளவுக்கு மேல் கேட்கிறது என்பதல்லவா என் வியாதி.

கொரோனா வந்து, மார்க்கெட்டை மூடித் திறந்த பிறகு எல்லாரும் மாஸ்க் போட்டார்கள். ஊரெல்லாம் மூச்சுக்குப் பயந்தபோது நான் துணிக்குப் பயந்தேன். நீல மாஸ்க், கறுப்பு மாஸ்க், கழுத்திலிருந்து ஏற்றிக் கட்டிய துண்டு, முந்தானை. ஒரு வாய்கூடத் தெரியவில்லை. தாடை அசைகிறதா என்று பார்த்தேன். கையைத் தூக்கிக் கேளுங்கள் என்று ஒரு புது முறை கொண்டுவந்தேன். பூ வியாபாரி எங்கே கையைத் தூக்குவார், இரண்டு கையிலும் பை.

ஆவணி முகூர்த்த நாள் ஒன்றில் அது நடந்தது. எட்டரை கிராமத்துப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி ஒரு மூட்டை மல்லி கொண்டுவந்திருந்தார். மொட்டு ஒவ்வொன்றும் அரிசி மாதிரி வெளுப்பாக, திரண்டு இருந்தது. விலை சரசரவென்று ஏறியது. ஓர் இடத்தில் எல்லாரும் நின்றுவிட்டார்கள். அதற்கு மேல் ஒரு குரல் ஐம்பது ரூபாய் ஏற்றிக் கேட்டது. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று முடித்துவிட்டு மூட்டையைத் தள்ளினேன். வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை.

“யாருப்பா கேட்டது?” என்றேன்.

“யாரும் கேக்கலியேண்ணே” என்றார் முன்னால் நின்ற மாலைக்கடைக்காரர்.

ஒருவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் மார்க்கெட்டில் ஆளில்லாமல் விலை வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கடைக்காரனே கூட்டத்துக்குள் தன் ஆளை நிறுத்தி, பொய் விலை கேட்கவைத்து ஏற்றுகிறான் என்பது. இதைவிடக் கேவலமான பேச்சு ஒரு கமிஷன் கடைக்கு இல்லை. முன்பு கேட்டவர்கள்கூடத் தங்கள் விலையை இறக்கிவிட்டார்கள். அந்த விவசாயி இரண்டு கையையும் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கடையை நடத்துகிற என் அண்ணன் அந்த மூட்டையைக் கடைக் கணக்கிலேயே எடுத்துக்கொண்டார். இடது பக்கத்தில் அவன் சிரித்துக்கொண்டே இருந்தான்.

இது அதே மாதத்தில் மறுபடியும் ஒரு தடவை நடந்தது. அண்ணன் என்னைத் திட்டவில்லை. “கொஞ்ச நாளைக்குத் தராசுல உக்காருடா” என்றார், அவ்வளவுதான். கொஞ்ச நாள் என்பது வருடக் கணக்கானது. மாஸ்க் எல்லாம் கழன்று, மறுபடி வாய்கள் தெரிந்த பிறகும் அண்ணன் என்னைக் கூப்பிடவில்லை. கடைப் பெயரை இன்னொரு தடவை அவரால் பணயம் வைக்க முடியாது. நியாயம்தான். அவரே ஏலம் கூறினார். அவருக்குப் பாதியில் தொண்டை கட்டிக்கொள்ளும். கடைசியில் ஒரு நாள், லால்குடியிலிருக்கிற தன் மச்சினரைத் தை பிறந்ததும் ஏலத்துக்குக் கொண்டுவரப் போவதாகச் சொன்னார். வந்தவரை அப்புறம் போ என்று சொல்ல முடியாது. இது எனக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும்.

ஏலம் கூறுவதை நான் வேலையாக நினைத்ததே இல்லை. நாள் முழுக்க ஒருவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிற எனக்கு, காலையில் அந்த ஒரு மணி நேரம்தான் நான் சொல்வதை மற்றவர்கள் கேட்கிற நேரம். அது கையை விட்டுப் போகிறது என்று தெரிந்ததும் எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. கண்ணில் பட்டவர்மேல் எல்லாம் எரிந்து விழுந்தேன். என் மனைவி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் என்னைத் தில்லை நகருக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கேதான் எங்கள் டாக்டர் இருக்கிறார். எங்கள் வயதுப் பெண்மணி, வளவளவென்று பேச மாட்டார். நான் வாயைப் பார்த்து விலை எடுத்த கதையை அன்றுதான் முதன்முதலாக அவரிடம் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டு, “இத ஏன் இத்தனை வருஷமா சொல்லல?” என்று கேட்டார். நீங்கள் கேட்கவில்லையே என்றேன். அவர் சிரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

“காந்தம் வெச்சு ஒரு சிகிச்சை இருக்குங்க. ஆபரேஷன் இல்ல, மயக்க ஊசி இல்ல, தலைக்கு வெளியிலேருந்தே பண்றது. இடது காதுக்கு மேல கொஞ்சம் பின்னால, பேச்சக் கேட்டுப் புரிஞ்சுக்கற இடம் இருக்கு. உங்களுக்கு அந்த இடம் தேவைக்கு மேல வேலை செய்யுது. வெளியில சத்தமே இல்லாதப்பவும் கேட்டுக்கிட்டு இருக்கு. மெதுவா, ஒரே சீரா தட்டித் தட்டி அத அடக்கிப் பாக்கலாம்.”

“சரியாயிடுமா டாக்டர்?” என்று என் மனைவி கேட்டாள்.

“சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன். சிலருக்கு நல்லா குறையுது. சிலருக்குக் கொஞ்சம். சிலருக்கு ஒண்ணுமே ஆகறதில்ல. குறைஞ்சாலும் சில மாசத்துல திரும்பி வரலாம், அப்ப மறுபடியும் பண்ணணும். மாத்திரைய மட்டும் நிறுத்தவே கூடாது.”

தன் சரக்கைப் பற்றி இவ்வளவு குறை சொல்லி விற்கிற ஆளை நான் எங்கள் மார்க்கெட்டில் பார்த்ததே இல்லை. அதனாலேயே நம்பினேன். அவனும் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். “காந்தம் வெச்சுப் புடிக்க நான் என்னடா ஆணியா?” என்றான். இத்தனை வருடத்தில் அவன் சொன்னதில் எனக்குச் சிரிப்பு வந்தது அந்த ஒன்றுக்குத்தான்.

அண்ணனிடம் குரல் விஷயத்தையும் சிகிச்சையையும் சொன்னபோது அவர் முகம் வெளுத்துவிட்டது. “கரண்ட் வெப்பாங்களாடா?” என்று கேட்டார். அது வேறு, இது வேறு, இதில் நினைவு தப்பாது, உட்கார்ந்தபடியே பண்ணிக்கொண்டு எழுந்து வீட்டுக்கு வரலாம் என்று டாக்டர் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். தலைப் பக்கம் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்பதால் என் காதுக் கடுக்கனைக் கழற்ற வேண்டியிருந்தது. கல்யாணத்தின்போது போட்டது. திருகாணி துருப்பிடித்த மாதிரி இறுகிக் கிடந்தது. என் மனைவி தேங்காய் எண்ணெயைத் தடவி, காலை முழுக்கத் திருகி, என் காதையும் சேர்த்துத் திருகி, கடைசியில் கழற்றினாள். மாமியார் வீட்டில் போட்ட கடுக்கனைக் கழற்றிவிட்டாயே என்று நான் கிண்டல் பண்ணினேன். “எங்கப்பா போட்டது உங்க காதுக்கு, உள்ள இருக்கறவனுக்கு இல்ல” என்றாள்.

முதல் நாளை நான் மறக்க முடியாது. பல் டாக்டரிடம் இருக்கிற மாதிரி ஒரு சாய்வு நாற்காலி. தலைக்கு ஒரு மெல்லிய துணித் தொப்பி போட்டு, அங்கங்கே அளந்து பேனாவால் புள்ளி வைத்தார்கள். காதில் அடைப்பான் வைத்தார்கள். தமிழ் எட்டு இல்லை, கணக்கு நோட்டில் போடுகிற எட்டு, அந்த வடிவத்தில் கனமான ஒரு வட்டு, அதிலிருந்து தடித்த ஒரு வயர். அந்த வட்டைத்தான் தலைமேல் வைப்பார்கள். எனக்கு எவ்வளவு பலமாகத் தட்ட வேண்டும் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டுமாம். அதற்காக வட்டைத் தலையில் இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டே வந்தார் டாக்டர். டக். டக். நகத்தால் சுண்டிய மாதிரி இருந்தது. பிறகு ஒரு டக். மடிமேல் வைத்திருந்த என் வலது கைக் கட்டை விரல் துள்ளியது.

நான் அதை அசைக்கவில்லை. அசைக்க நினைக்கவும் இல்லை. விரலை யாரும் தொடவில்லை. மறுபடியும் டக். மறுபடியும் விரல் துள்ளியது. முடி, தோல், எலும்பு எல்லாம் தாண்டி, ஒரு துளி ரத்தம் இல்லாமல், வலி இல்லாமல், என்னவோ ஒன்று உள்ளே போய் என்னைத் தொட்டுவிட்டது. தொட்ட இடம் தலை, துள்ளிய இடம் கை. இத்தனை நாளும் என் விரலை நான்தான் ஆட்டுகிறேன் என்று இருந்தேன். அந்த ‘நான்’ என்பது புள்ளி வைத்துக் காட்டக்கூடிய ஓர் இடத்தில் இருக்கிறது, அங்கே ஒருவர் வெளியிலிருந்து தட்டலாம், தட்டினால் உள்ளேயிருந்து பதில் வரும் என்பதை என் கண்ணால் பார்த்தேன். உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. கோயிலில் திரை விலகும்போது, கேட்க வந்ததை எல்லாம் மறந்து வாய் திறக்காமல் நிற்போமே, அந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். இன்னொரு தடவை தட்டச் சொல்லிக் கேட்டேன். டாக்டர் தட்டினார். விரல் துள்ளியது.

சுவரோரம் உட்கார்ந்திருந்த என் மனைவி, “விரலத் தூக்கிட்டீங்களே, ஏலத்துல என்ன எடுத்தீங்க?” என்றாள்.

அதன் பிறகு வாரத்துக்கு ஐந்து நாள் போனேன். மார்க்கெட் ஓய்ந்ததும் ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி, தில்லை நகரில் இறங்குவோம். இப்போது வட்டு இடது காதுக்கு மேலே, புள்ளி வைத்த இடத்தில். நொடிக்கு ஒரு தட்டு. வேறொன்றும் இல்லை. டக், டக், டக் என்று அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஏலம் கூறிப் பழகியவனிடம் இந்த மாதிரி ஒரு தாளத்தைக் கொடுத்தால் அவன் சும்மா இருப்பானா? ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று மனசுக்குள் ஆரம்பித்துவிட்டேன். அந்த அறையில் இருந்த ஃபேனை விற்றேன். நாற்காலியை விற்றேன். ஏ.சி.யை விற்றேன். விற்க ஒன்றும் மிஞ்சாதபோது அவனையே ஏலம் போட்டேன். நல்ல வாய், ஓயாத வாய், இருபத்து நாலு மணி நேரமும் பேசும், சோறு கூடப் போட வேண்டாம், யாருக்கு வேணும் என்று கூவிப் பார்த்தேன். சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை.

முதல் வாரம் ஒரு மாற்றமும் இல்லை. இரண்டாம் வாரம் எனக்கு அவன் இன்னும் பலமாகப் பேசுகிற மாதிரிகூடத் தோன்றியது. பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றபோது, போதும், இறங்கி வீட்டுக்குப் போகலாம் என்று மனைவியிடம் கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தாள். தில்லை நகர் வந்ததும் இறங்கினாள், நானும் இறங்கினேன்.

எந்த நாளில் மாறியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. முதலில் அவன் பேச்சில் வார்த்தை உடைந்தது. பக்கத்து வீட்டில் யாரோ சண்டை போட்டால் கோபம் மட்டும் கேட்கும், என்ன சொல்கிறார்கள் என்று தெரியாதே, அப்படி ஆகிவிட்டான். பிறகு அவன் பேச்சுக்கு நடுவே இடைவெளி வர ஆரம்பித்தது. இடைவெளி வந்ததும் எனக்குப் பயமாக இருக்கும். எங்கே போயிருக்கிறான், எதற்காகச் சும்மா இருக்கிறான் என்று இடது பக்கமாகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதற்கே காத்திருந்த மாதிரி மறுபடி ஏதாவது முனகுவான்.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் படுத்திருந்தேன். என் மனைவி பக்கத்தில் கண்ணயர்ந்திருந்தாள். முதலில் அணில் சத்தம் கேட்டது. பிறகு எங்கோ ஒரு வீட்டில் கிரைண்டர் ஓடுகிற சத்தம். அதுவும் நின்றது. அதற்கு அடியில் நான் அதுவரை கேட்காத ஒன்று இருந்தது. என்ன என்று கவனித்துப் பார்த்தால், என் மூச்சு. நான் மூச்சு விடுகிற சத்தம் எனக்கே கேட்டது. அதைத் தவிர வேறு எதுவும் இல்லை. நான் அசையவே இல்லை. அசைந்தால் எழுந்துவிடுவானோ என்று கை காலை அப்படியே வைத்திருந்தேன். மற்றவர்களுக்கெல்லாம் எப்போதும் இப்படித்தான் இருக்குமா? இப்படி ஒரு விசாலத்தை வைத்துக்கொண்டா இந்த மனுஷர்கள் டி.வி. போடுகிறார்கள், வாட்ஸப்பில் கத்துகிறார்கள்? எனக்கு மட்டும் ஊரில் எல்லாரும் சேர்ந்து ஏதோ ஒரு பெரிய பரிசைக் கொடுத்துவிட்டு, சொல்லாமல் எழுந்து போய்விட்ட மாதிரி இருந்தது.

பொறுக்க முடியாமல் மனைவியைத் தொட்டு எழுப்பினேன்.

“உனக்கு ஏதாவது சத்தம் கேக்குதா?”

பதறி எழுந்தவள் கொஞ்ச நேரம் கவனித்துக் கேட்டாள். “இல்லியேங்க. ஒண்ணும் கேக்கல.”

“எனக்கும்.”

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள். அழுகைச் சத்தத்தால் அந்த அமைதியைக் கெடுத்துவிடக் கூடாது என்று நினைத்தாளாம், பிற்பாடு சொன்னாள். அவன் வந்த பிறகு இத்தனை வருடத்தில் நாங்கள் இருவரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரே விஷயத்தைக் கேட்டது அன்றுதான்.

டாக்டரிடம் இதைச் சொன்னபோது, அவர் அதிகம் கொண்டாடவில்லை. இத்தனை வருடம் எனக்குக் கேட்ட குரல் என்னவாக இருக்கலாம் என்று மட்டும் விளக்கினார். எல்லா மனுஷனும் உள்ளுக்குள் பேசிக்கொள்கிறான், அந்தப் பேச்சு தன்னுடையதுதான் என்று மூளை கூடவே அடையாளம் போட்டுவிடுகிறது, என்னைப் போன்றவர்களுக்கு அந்த அடையாளம் விட்டுப் போகிறது, அதனால் சொந்தப் பேச்சே வேற்றாள் பேச்சாக வந்து விழுகிறது, இப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள், இன்னும் முழுசாகத் தெரியாது என்றார். அப்படியானால் இத்தனை வருடமாக என் சட்டையைக் கிண்டல் செய்தது, சரியான நேரத்தில் பத்து ரூபாய் ஏற்றிக் கேட்டது எல்லாம் நானா? எனக்குள் இவ்வளவு கெட்டிக்கார ஏலக்காரன் இன்னொருவன் இருந்தானா? வருத்தமும் வந்தது, அவன்மேல் ஒரு மாதிரி மரியாதையும் வந்தது. ஒன்றரைக் கிலோ கூடப் பெறாத ஒரு சதைக்குள் கேட்கிறவனும் இருக்கிறான், பேசுகிறவனும் இருக்கிறான், இருவருக்கும் நடுவே நாள் முழுக்கச் சண்டையும் நடக்கிறது. வெளியே ஒருவர் ஒரு வட்டை வைத்து நொடிக்கு ஒரு தட்டுத் தட்டினால் அந்தச் சண்டை ஓய்கிறது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம் அடங்கவில்லை.

அவன் முழுக்கப் போய்விட்டான் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். களைப்பான நாட்களில் வருகிறான். தூரத்தில் நின்று ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போகிறான். மறுபடி சில நாள் தில்லை நகர் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். மாத்திரையும் நடக்கிறது.

அந்த மார்கழியின் கடைசியில் அண்ணனிடம் போய், ஒரே ஒரு நாள் ஏலம் கூறிப் பார்க்கிறேன் என்று கேட்டேன். லால்குடி மச்சினருக்கு அவர் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. “மார்கழிதானே, முகூர்த்தம் இல்ல, ஒரு நாள் கூறிப் பாத்துக்கோ” என்றார் கடைசியில். “நான் எதிர்லயே நிக்கறேன். ஆள் இருந்தா தலைய ஆட்டறேன், இல்லன்னா சும்மா இருக்கேன்.” வேண்டாம் என்றேன். அண்ணன் தலையைப் பார்த்து விலை எடுப்பதற்கு நான் எதற்கு, ஒரு கண் போதுமே. அவர் கடை உள்ளே போய் நின்றுகொண்டார்.

விடிந்தும் விடியாமலும் இருந்தது. பனிக்காலத்தில் மல்லி வரத்து குறைவு, ஒரே ஒரு சாக்குத்தான். சுற்றி நின்றவர்களில் பாதிப் பேருக்குப் பழைய கதை தெரியும். யாரும் அதைப் பேசவில்லை, ஆனால் எல்லாரும் கொஞ்சம் விலகியே நின்றார்கள். சாக்கைப் பிரித்தேன். விலை வந்தது. எதிரே நின்ற மாலைக்கடைக்காரர் ஏற்றினார், அவருக்குப் பக்கத்திலிருந்தவர் ஏற்றினார். எல்லா விலையும் எனக்கு முன்னாலிருந்துதான் வந்தது. மாலைக்கடைக்காரர் விலையில் வந்து நின்றது. “ஒரு தரம்” என்றேன்.

பின்னாலிருந்து, இடது பக்கமாக, ஒரு குரல் இருபது ரூபாய் ஏற்றிக் கேட்டது.

எங்கள் மார்க்கெட்டில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு தரம் சொல்லிவிட்டால் மூன்று தரம் முடிகிற வரைக்கும் ஏலம் கூறுகிறவன் முன்னால் பார்த்தபடியே நிற்க வேண்டும், பின்னால் திரும்பக் கூடாது. திரும்பினால், வேண்டியவனுக்குச் சாடை காட்டுகிறான் என்று பேச்சு வந்துவிடும். நான் திரும்ப முடியாது. மாலைக்கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடை உள்ளேயிருந்து அண்ணன் ஒரு அடி முன்னால் வந்தது தெரிந்தது. அந்த விலையை நான் எடுக்காமல் விட்டுவிடலாம். கேட்கவில்லை என்று சொல்லிவிடலாம். அப்படிச் செய்தால் இனி ஆயுசுக்கும் தராசுதான்.

கண்ணைச் சாக்கில் வைத்துக்கொண்டு, கேட்ட குரலை மறுபடி காதில் ஓட்டிப் பார்த்தேன். அதில் அவசரம் இருந்தது. கொஞ்சம் இருமல் இருந்தது. என்மேல் எந்த அக்கறையும் இல்லை அந்தக் குரலுக்கு, பூமேல்தான் அக்கறை.

அந்த விலையைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னேன். “ஒரு தரம். ரெண்டு தரம்.” யாரும் ஏற்றவில்லை. “மூணு தரம்” என்று சொல்லிவிட்டுத்தான் திரும்பினேன்.

ஸ்வெட்டர் போட்ட ஒரு அம்மா, குல்லாயை நெற்றி வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, பையை விரித்துப் பிடித்தபடி நின்றாள். புதிதாக வருகிறவள் போலிருக்கிறது, இதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“என்னாங்க அப்படிப் பாக்கறீங்க? நான்தான் கேட்டேன். பூவப் போடுங்க.”